லயத்துக்குத் திரும்பும் வழியில்

மலாயாவின் கமுந்திங்கில் மழை ஓய்ந்த சனிக்கிழமை இரவுகளில், தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டிய அந்தக் காலத்தில், படம் முடிந்தபின் பால்மரக் காட்டினூடே, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பி நடந்த அரை மைல் தூரத்தையும் படத்தின் ஓர் அங்கமாகவே நான் கருதி வந்திருக்கிறேன். ஏனெனில், பேய்ப் படமாயினும் கொலைப் படமாயினும், அதன் தராதரத்தை நிர்ணயிக்கும் பரீட்சை திரைத்துணியை அவிழ்த்துச் சுருட்டிய பின்னரே தொடங்குகிறது என்பது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வகைப் படங்களை விரும்பிப் பார்த்து வரும் என் திடமான அபிப்பிராயம்.

அந்த வழியில் எங்களோடு கூட நடந்து வந்த பயம் பெரும்பாலும் மலாய்க்காரர்களிடமிருந்து நாங்கள் பெற்றுக்கொண்டது. பிரசவத்தில் மாண்ட பெண் பொந்தியானாக்காகி வாழை மரத்தடியில் காத்திருப்பாள் என்றும், அவள் பிடரியில் ஆணி அறைந்தால் மானிடப் பெண்ணாக அடங்கிவிடுவாள் என்றும் சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், மரியா மெனாடோவைக் கதாநாயகியாக்கி, காத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக 1957-இல் இயக்கிய ‘பொந்தியானாக்’ படத்தைப் பார்த்துவிட்டு வந்த என் பெரியம்மா, அதன்பின் பல நாட்கள் விளக்கை அணைக்காமலே படுத்தாளாம். நான் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இன்று யாராலும் பார்க்க முடியாது. அதன் சுருள்கள் கைவிடப்பட்ட ஈயக்குட்டை ஒன்றில் வீசப்பட்டன என்று சொல்கிறார்கள். ஈயம் தோண்டிய குட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். அந்தப் பச்சை நீரின் அடியில் ஒரு பேய்ப் படம் கிடக்கிறது என்ற நினைப்பு எந்தப் படத்துக்கும் குறையாத கிலியைத் தரவல்லது.

பேயைப் பேயாகவே விட்டுவிடும் துணிச்சல் அந்த மலாய்ப் படத்துக்கு இருந்தது. நம்முடைய பழைய தமிழ்ப் படங்களோ, கடைசிச் சுருளில் பேயின் திரையை விலக்கி உள்ளே ஒரு மனிதனைக் காட்டிவிடுவதில் பிரியம் கொண்டவை. ஆவியுருவக் காட்சிகளுக்காகவே வயது வந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழைப் பெற்ற, தமிழில் அவ்வாறு பெற்ற முதல் படமான ‘மர்மயோகி’யில் (1951), செருகளத்தூர் சாமாவின் ஆவியுருவம் அரண்மனையில் தோன்றும்போது ஏற்படும் நடுக்கம், ஆவியாகத் தோன்றிய மன்னன் உயிரோடுதான் இருக்கிறான் என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சாகக் கரைந்து போகிறது. ‘அதே கண்கள்’ (1967) வண்ணத்தில் வெகு ஒயிலாக எடுக்கப்பட்ட படமே எனினும், முகம் மறைத்தவன் இன்னான் என்று விளங்கியபின் வீட்டுக்கு எடுத்துச் செல்ல அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பயத்தைக் கலைத்துவிடுவது எளிது. பேயிடமிருந்து பெயர்த்து மனிதனிடம் கொண்டுபோய் நிறுத்துவதற்குத்தான் மேதை வேண்டும்.

அந்த மேதை வீணை எஸ். பாலசந்தரிடம் இருந்தது. ஏ.வி.எம். தயாரிப்பில் அவர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954), பாட்டும் கூத்தும் சண்டையும் அறவே இல்லாமல், சுடப்பட்டுச் சாயும் சிவாஜி கணேசனின் முகத்தோடு தொடங்குகிறது. 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னைமீது குண்டு வீசிய மறுநாள், ராஜன் என்ற வானொலிப் பொறியாளனைக் கொன்றது யார் என்று வீட்டாரும் அண்டை வீட்டாரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்ல, வசனத்தையும் எழுதிய ஜாவர் சீதாராமன் துப்பறிவாளராக வந்து ஒவ்வொருவர் சொல்லையும் பொறுமையோடு கேட்கிறார். தன் மலிவு வானொலிக் கண்டுபிடிப்பை அரசாங்கம் ஆதரிக்காத ஆத்திரத்தில் ராஜன் பகைவனுக்கு ஒற்றனானான் என்பதும், அவனைச் சுட்ட துப்பாக்கி பண்டரிபாய் நடித்த மனைவியின் கையில் இருந்தது என்பதும் வெளிப்படும்போது, சென்னை ரசிகருக்கு அது சாமர்த்தியமான முடிவாகத் தோன்றியிருக்கலாம். எங்களுக்கோ, ஜப்பானியரின் ஆட்சியின்கீழ் மூன்றரை ஆண்டு வாழ்ந்து, சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆட்கள் லாரி லாரியாக ஏற்றிச் செல்லப்பட்டதைக் கண்ட பெரியோரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, பழகிய முகம் ஒன்று பகைவனிடம் சேதி சொல்லும் என்பது கட்டுக்கதையாகவே படவில்லை. படம் முடிந்ததும் என் தாத்தா ஒன்றும் பேசாமல் எழுந்து நடந்தார். லயம் வந்து சேரும்வரை அவர் பேசவில்லை.

அடுத்தபடி என் மனத்தை ஆக்கிரமித்தது ‘புதிய பறவை’ (1964). மூலக்கதை ஆங்கிலத்திலிருந்து வங்காளம் வழியாக வந்தது என்பதனால் அதன் பெருமை குன்றிவிடவில்லை. சிங்கப்பூரிலிருந்து திரும்பும் கப்பலில் காதலாகத் தளிர்க்கும் அந்தக் கதையில், செத்துப்போன மனைவி என்று சிவாஜி நடித்த கோபால் சொல்லும் சித்ராவாகவே சௌகார் ஜானகி வீட்டு வாசலில் வந்து நிற்கும் கணத்தில், பேய்க்கதைக்குரிய லட்சணம் அத்தனையும் கூடிவிடுகிறது. ஆயின் நாம் நடுங்குவது வந்து நிற்பவளைக் கண்டா, அவள் செத்துவிட்டாள் என்று இத்தனை உறுதியோடு சாதிப்பவனைக் கண்டா? இந்தச் சந்தேகத்தை மெல்ல மெல்ல நம்முள் இறக்குவதில்தான் அப்படத்தின் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது. சித்ராவின் உடலைத் தண்டவாளத்தில் கிடத்தியதைக் கோபால் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் வெகு நேரத்துக்கு முன்பே, ரயில் கடந்து செல்லும்போதெல்லாம் சிவாஜியின் முகத்தில் படரும் கலவரம் உண்மையைச் சொல்லிவிடுகிறது. முதல் முறை பார்ப்பவர் அதனைத் துக்கம் என்று நினைத்துக்கொள்வார், இரண்டாம் முறை பார்ப்பவருக்குத்தான் அது குற்றம் என்று புரியும். சிலர் அந்த நடிப்பை மிகை என்பர். நான் ஒருபோதும் அதற்கு உடன்பட்டதில்லை. ஓயாமல் ஒன்றை மறைத்துக்கொண்டு வாழ்பவன் இயல்பாக இருப்பது எப்படி?

1885-இலேயே மலாயாவின் முதல் ரயில் பாதை போடப்பட்ட தைப்பிங்குக்கு அடுத்த ஊர் எங்களுடையது. அப்படத்தைப் பார்த்த இரவில் நாங்கள் பால்மரக் காட்டில் நடந்துகொண்டிருந்தபோது, வடக்கே போகும் ரயில் கூவிக்கொண்டு கமுந்திங்கைக் கடந்தது. முன்னால் போன பெரியம்மா நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.