மாடி போர்ஷன் காலி

தியேட்டரில் என்னை அழவைப்பது சுலபம். கண்ணாடி துடைக்கிற சாக்கில் சமாளித்துவிடுவேன். என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் கைப்பையிலிருந்து டிஷ்யூ பேப்பரை எடுத்து நீட்டுவாள். முப்பது வருஷப் பழக்கம். 2025 மே மாதம் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்கு டிஷ்யூ போதவில்லை. கர்ச்சீஃபும் நனைந்தது.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியில்லாமல், பாஸ்போர்ட்டும் இல்லாமல், படகில் ராமேஸ்வரம் வந்து இறங்குகிற சசிகுமார்-சிம்ரன் குடும்பம், சென்னைக் காலனி ஒன்றில் ஊரை மறைத்துக்கொண்டு குடியேறுகிறது. வீட்டுக்காரரே போலீஸ்காரர்! வாயைத் திறந்தால் தமிழ் காட்டிக்கொடுத்துவிடுமோ என்கிற பயத்திலேயே பாதி சிரிப்பு. சின்னப் பையனாக வரும் கமலேஷ் சீன் சீனாகச் சுருட்டிக்கொண்டு போகிறான். இயக்குநர் அபிஷன் ஜீவிந்த்துக்கு இது முதல் படம் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

காலனியில் வயதான அம்மாள் ஒருத்தர் இறந்துபோகிறார். சசிகுமார் போய் ஆட்களைச் சேர்க்கிறார். அதுவரை பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள் எல்லாம் ஒரு சாவில்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள். நான் உடைந்தது அங்கே. கடைசியில் மொத்தக் காலனியும் ஈழத் தமிழில் பேசி போலீஸைக் குழப்புகிற இடத்தில் தியேட்டரே கை தட்டியது. நானும் தட்டினேன்.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் உறுத்தியது. இந்தப் படத்தில் ஒவ்வொருத்தராக, முறைவைத்து, நல்லவர்களாகிறார்கள். குடித்துவிட்டுக் கிடக்கிற பையன் திருந்துகிறான், சிடுசிடு மனுஷர் சிரிக்கிறார். யாருக்கும் இதில் ஒரு பைசா நஷ்டமில்லை. எனக்கும்தான். டிக்கெட் காசுக்கு நல்லவனாகி வீட்டுக்கு வந்துவிட்டேன். அழுகை பொய்யில்லை சார், ஆனால் ரொம்ப மலிவு.

ஒப்பிட்டுப் பார்க்க, 2024 செப்டம்பரில் வந்த ‘லப்பர் பந்து’. தமிழரசன் பச்சமுத்து எடுத்தது. மாமனாராகப் போகிறவருக்கும் மருமகனாகப் போகிறவனுக்கும் கிரிக்கெட் கிரவுண்டில் தகராறு. ‘அட்டகத்தி’ தினேஷ் நரைத்த தாடியோடு, இந்த வயசிலும் வீட்டுக்குத் தெரியாமல் மேட்சுக்கு ஓடுகிறார். மனைவி சுவாசிகா டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்து பிட்ச்சையே உழுதுவிட்டுப் போகிறார் பாருங்கள், பல வருஷக் குடும்பச் சண்டை ஒரு வசனமில்லாமல் புரிந்துவிடுகிறது. ஹரீஷ் கல்யாண் என்ன வேகத்தில் பந்து போடுகிறான் என்பதைவிட எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதை முதலில் பார்க்கிற டீமும் இதில் இருக்கிறது. இங்கே யாரும் சும்மா திருந்துவதில்லை. கொஞ்சம் கௌரவத்தைக் கழற்றி வைத்தால்தான் அடுத்த படி. மனசுக்கு இதமாக எடுக்கவேண்டும் என்பதற்காக எல்லாரையும் சர்க்கரைப் பாகில் முக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்தப் படம் சாட்சி.

‘குடும்பஸ்தன்’ (2025 ஜனவரி) அந்த வகையில் இன்னும் கறார். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் கடன்மேல் கடன் வாங்கும் மணிகண்டனைப் பார்த்துச் சிரித்தபோது, பக்கத்து ஸீட் பையன் மட்டும் சிரிக்கவில்லை. என்ன கஷ்டமோ. ராஜேஸ்வர் காளிசாமி ஒரு உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறார். தமிழ்க் குடும்பத்தில் வில்லனைத் தேடி வெளியே போகவேண்டாம், பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற அக்கா புருஷன் போதும். அந்த வேஷத்தில் குரு சோமசுந்தரம். கோயம்புத்தூர்க் குசும்போடு அவர் ‘மாப்ளே’யை மட்டம் தட்டும்போது எனக்கு என் சொந்தக்காரர் ஒருவர் ஞாபகம் வந்தார். பெயர் வேண்டாம், இந்தப் பக்கத்தை அவரும் படிக்கிறார்.

குரு சோமசுந்தரம் என்றதும் ‘மின்னல் முரளி’க்குப் போகாமல் இருக்க முடியாது. 2021 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் நெட்ஃப்ளிக்ஸில் வந்த மலையாளப் படம், பேஸில் ஜோசப் இயக்கியது. ஒரே மின்னல் இரண்டு பேர்மேல் விழுகிறது. ஒருத்தன் டெய்லர் (டொவினோ தாமஸ்), இன்னொருத்தன் டீக்கடையில் வேலை செய்கிற, ஊரே பைத்தியம் என்று ஒதுக்கின ஷிபு. டெய்லர் ஹீரோ, ஷிபு வில்லன். ஆனால் வருஷக்கணக்காகக் காத்திருந்த பெண் முன்னால் சோமசுந்தரம் அழுதுகொண்டே சிரிக்கிறாரே, அதற்கப்புறம் எனக்கு ஹீரோமேல் அக்கறை போய்விட்டது. ஊர் கொஞ்சம் நல்லபடியாக நடத்தியிருந்தால் இவனே அந்த முகமூடியைப் போட்டிருப்பான் என்று சொல்லாமல் சொல்கிறது படம். அமெரிக்க சூப்பர் ஹீரோக்கள் நகரத்தையே நொறுக்குகிறார்கள், எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. இங்கே ஒரு டீக்கடைக்காரன் மனசு நொறுங்கினதில் ஊர் எரிகிறது.

நம் பக்கத்தில் மிஷ்கின் 2012-ல் ஜீவாவை வைத்து ‘முகமூடி’ எடுத்தார். எடுபடவில்லை. பதினோரு வருஷம் கழித்து, அதே மிஷ்கின் ‘மாவீரன்’ படத்தில் வில்லன் மந்திரியாக வந்தார். சினிமாவில்தான் இந்த மாதிரி வேடிக்கையெல்லாம் நடக்கும். மடோன் அஷ்வினின் அந்தப் படத்தில் சிவகார்த்திகேயன் பயந்தாங்கொள்ளி கார்ட்டூனிஸ்ட். வானத்தைப் பார்த்தால் விஜய் சேதுபதி குரலில் யாரோ அவர் வீரத்தை வர்ணிக்கிறார்கள். சக்தி என்பது அவ்வளவுதான், ஒரு குரல். எதிரி, தொட்டால் உதிர்கிற அடுக்குமாடி. 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் சுவரைக் கையால் சுரண்டிக் காட்டினார்களே, டி.வி.யில் பார்த்தவர்களுக்குப் புரியும். இடைவேளை வரை பிரமாதம், அப்புறம் வழக்கமான அடிதடி.

‘லோகா’ (2025) பார்த்தேன். கேரளத்துக் கள்ளியங்காட்டு நீலியைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து கல்யாணி பிரியதர்ஷனைச் சூப்பர் ஹீரோவாக்கியது நல்ல ஐடியா. ஆனால் அடுத்தடுத்த பாகங்களுக்கு இப்போதே அட்வான்ஸ் புக்கிங் செய்கிற அவசரம் படம் முழுக்கத் தெரிகிறது.

சிரிப்புப் படம் என்றால் ‘மதகஜராஜா’. 2013-ல் வந்திருக்க வேண்டியது, 2025 பொங்கலுக்கு வந்தது. சுந்தர்.சி, விஷால், சந்தானம். பெண்களைக் காட்டும் விதத்தில் பன்னிரண்டு வருஷ ஊசல் வாடை அடிக்கிறது. ஆனாலும் மனோபாலாவின் பிணத்தை உயிரோடு இருப்பதுபோல் நடிக்கவைத்து இழுத்துக்கொண்டு அலைகிற அந்த நீளமான காமெடி! வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தவன், சட்டென்று நிறுத்தினேன். மனோபாலா 2023-ல் போய்விட்டார். செத்துப்போன மனுஷர் பிணமாக நடித்து முந்நூறு பேரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த நிமிஷம் மறுபடி சிரித்தேன், வேறென்ன செய்வது? அவர் தொழிலுக்கு அதைவிட மரியாதை எனக்குத் தோன்றவில்லை.

ஸ்கூட்டரில் உறுத்தியதாகச் சொன்னேன் இல்லையா? அதை முடித்துவிடுகிறேன்.

அந்த மே மாதக் கடைசியில் எங்கள் மாடி போர்ஷன் காலி. புரோக்கர் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். கணவன் தனியார் கம்பெனியில் வேலை, ஸ்கூல் போகிற ஒரு குழந்தை. “சிலோன்காரங்க சார். இங்கயே கேம்ப்ல பொறந்து வளர்ந்தவங்கதான். இப்ப வெளில ஸ்டேஷன்ல பதிஞ்சுட்டு இருக்காங்க.” 1983-லிருந்து இங்கே வந்தவர்கள். முகாமுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று 2021-ல் பெயர் மாறியது, இங்கேயே பிறந்தவர்களில் பலருக்குக் குடியுரிமை இன்னும் வரவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். நானே இதைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

“ஸ்டேஷன்ல வந்து வந்து விசாரிப்பாங்களா?” என்று கேட்டேன்.

“எப்பவாச்சும் வருவாங்க சார்.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். புரோக்கருக்கு அந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். மறுபடி போன் செய்யவில்லை. ஜூன் முதல் தேதி ஒரு பாங்க் உத்தியோகஸ்தர் குடிவந்தார். அஞ்சாம் தேதிக்குள் வாடகை கொடுத்துவிடுகிறார்.

பிறகு ஒரு நாள் வீட்டில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை மறுபடி பார்த்தோம். அந்த அம்மாள் சாகிற இடம் வந்தது, நான் கண்ணாடியைக் கழற்றினேன். டிஷ்யூ டப்பா மனைவி பக்கத்தில்தான் இருந்தது. அவள் நகர்த்தவில்லை. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.