வழமை: ஒரு சொல்லின் பொருளும் பயன்பாடும்

பழக்கம், வழக்கம் என்னும் சொற்கள் தமிழர் வாழும் இடமெங்கும் பயில்வன. வழமை என்பதோ தமிழகத்தில் அருகியும் இலங்கையில் பெருகியும் வழங்குகின்றது. தமிழகத்தார் 'வழக்கம்போல' என எழுதுமிடத்து இலங்கையர் 'வழமைபோல' என்பர். ழகர ளகர வேறுபாடு பேச்சில் மங்கியமையால் 'வளமைபோல' என எழுதிவிடுவாரும் உளர். அது திருத்தத்தக்க எழுத்துப்பிழையே. ஆயினும் இச்சொற்கள் யாவும் ஒருபொருள் குறித்தன எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. வெற்றிலை போடுதல் ஒருவரின் பழக்கம். வீட்டுக்கு வந்தோர்முன் வெற்றிலைத் தட்டம் வைத்தல் ஊரின் வழமை. வழக்கம் இரண்டுக்கும் பொதுவாய் நிற்பது. (வழக்கு என்னும் உறவுச்சொல்லைப் பெரிதும் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.)

வழமையின் கனதியை உணர்த்துவது தேசவழமை. யாழ்ப்பாணத் தமிழரிடையே நிலவிய சொத்துரிமை வழமைகளை ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் அளித்தார். அதன் தமிழ் வடிவம் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. முதலியார்கள் ஊர் முழுமைக்கும் பேச வல்லவரா என்பது வேறு வினா. எனினும், இது வழமைதானா என ஊரவர் சிலரையேனும் கேட்டறிய வேண்டியிருந்தது என்பது கருதற்பாலது. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். யாழ்ப்பாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் வெள்ளவத்தையில் வீடு வாங்கினும் இந்த ஆள்சார் சட்டம் அவரைத் தொடரும். கொட்டாஞ்சேனையில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழரை அது கட்டுப்படுத்தாது. வழமை என்னும் சொல் மட்டும் இருவர் நாவுக்கும் பொது.

பத்திரிகைத் தமிழில் இச்சொல் அடைந்த திரிபே கண்டிக்கத்தக்கது. ஊரடங்கு தளர்ந்ததும் 'நிலைமை வழமைக்குத் திரும்பியது' என்னும் வாய்பாடு வந்துவிடுகின்றது. இங்கே வழமை என்பது மக்கள் நெடுங்காலம் ஒழுகி ஏற்றுக்கொண்ட நடைமுறையன்று. குழப்பம் ஓய்ந்தமை மாத்திரமே. 1983 யூலையில் வெள்ளவத்தையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. கொழும்பின் அகதி முகாம்களிலிருந்து பலர் கப்பலேறி வடக்கே சென்றனர். அத்தகைய நாள்களுக்குப் பின்னர் காலி வீதியில் பேருந்து ஓடுவதை வழமை என எழுதினால், திரும்பியது எவருடைய வழமை? கப்பலேறியவர் அச்சொல்லுள் அடங்கார். முதலியார்களிடம் கேட்ட அளவுக்கேனும் இங்கு எவரிடமும் எதுவும் கேட்கப்படுவதில்லை. ஊரடங்கு நீங்கியது, கடைகள் திறந்தன, பேருந்து ஓடியது என நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு எழுதத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை.