நிழல் விழும் வேளை

'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் ஆளை விழுங்கும் மணல்வெளி ஒன்று வரும். குறிப்பிட்ட வேளையில் அதன்மேல் நடராசர் வடிவில் நிழல் விழும். அந்த நிழலோடு ஓடினால்தான் உயிர் தப்பலாம். வெளியான அன்று திட்டு வாங்கி, பின்னாளில் கொண்டாடப்படும் படங்களுக்கும் அப்படியொரு வேளை வர வேண்டியிருக்கிறது.

செல்வராகவனின் இந்தப் படம் 2010 பொங்கலுக்கு வந்தது. புதையல் வேட்டை பார்க்கப் போனவர்களுக்கு இரண்டாம் பாதி பிடிபடவில்லை. பழந்தமிழ் பேசிக்கொண்டு பசியில் சாகும் சோழக் குடிகளை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஈழப் போர் முடிந்து எட்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. நவீன ஆயுதங்களோடு வரும் படை அந்தக் குடிகளை அழிக்கும் இறுதிப் பகுதியை முள்ளிவாய்க்காலோடு சேர்த்துப் பார்த்தவர்கள் பிறகு பெருகினார்கள். 2021 டிசம்பர் 31 அன்று படம் மறுபடி திரைக்கு வந்தபோது, கதை தெரிந்தவர்களே டிக்கெட் வாங்கினார்கள்.

எதிர்பார்ப்பு செய்த இதே வேலையை 1982இல் அமெரிக்காவிலும் பார்க்கலாம். ஜூன் 25 அன்று ஜான் கார்பென்டரின் 'தி திங்', ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' இரண்டும் வெளியாயின. இரண்டு வாரம் முன்புதான் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்து, வேற்றுக்கிரக உயிரை வீட்டுப் பிள்ளையாக்கியிருந்தது. கார்பென்டரின் உயிரியோ மனித உடலைக் கிழித்துக்கொண்டு வந்தது. அருவருப்பு என்று விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். வீட்டுக்கு வந்த வீடியோ கேசட்தான் கைகொடுத்தது. திரும்ப ஓடவிட்டுப் பார்க்க முடிந்தபோது, ஒப்பனைக் கலைஞர் ராப் பாட்டின் கைப்பட உருவாக்கிய அந்த உருவங்களின் நுட்பமும், பக்கத்தில் நிற்பவன் மனிதன்தானா என்கிற பயமும் கண்ணில் பட்டன.

'பிளேடு ரன்னர்' கதை வேறு. தயாரிப்புத் தரப்பு வற்புறுத்திச் சேர்த்த பின்னணிக் குரலும் சுப முடிவும் 1992 பதிப்பில் நீக்கப்பட்டன. ஆகவே முதலில் குறை சொன்னவர்களும் இப்போது கொண்டாடுகிறவர்களும் பார்த்தது ஒரே படமல்ல.

இங்கே ஓடாத படத்துக்கெல்லாம் 'கல்ட் கிளாசிக்' பட்டம் கட்டிவிடுகிறோம். 'அன்பே சிவம்' (2003) விமர்சகர்கள் பாராட்டியும் வசூலில் தோற்ற படம். தொலைக்காட்சி அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. அதைத் திட்டு வாங்கிய படங்களோடு சேர்க்க முடியாது. இரண்டாம் முறை பார்த்தும் தேறாத படங்களோ ஏராளம். அவற்றை யாரும் பேசுவதில்லை என்பதால், காலம் எல்லாவற்றுக்கும் நீதி வழங்கும் என்று தோன்றிவிடுகிறது.

வழங்கினாலும் யாருக்கு? குரு தத்தின் 'காகஸ் கே பூல்' 1959இல் படுதோல்வி. தோற்றுப்போன இயக்குநர் ஒருவர் ஆளில்லாத ஸ்டுடியோவில், தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்துபோவதுதான் அதன் முடிவு. அதன்பிறகு எந்தப் படத்திலும் இயக்குநராக குரு தத்தின் பெயர் வரவில்லை. 1964இல் இறந்தார். பாராட்டு வந்து சேர்ந்தபோது அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது.