லயத்தின் தனிமை: தோட்டப் புனைகதைகளில் கணவன் மனைவி உறவு

முன்னுரை

மலேசியத் தமிழ்த் திறனாய்வில் தோட்டப்புறம் பெரும்பாலும் சுரண்டலின் களமாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. அந்நோக்கு பிழையன்று, ஆயினும் முழுமையன்று. லயத்து வீட்டில் வாழ்ந்த கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எவ்வாறு அந்நியராயினர் என்னும் வினா அதில் மறைந்துவிடுகின்றது. வட அமெரிக்கப் புல்வெளிப் பண்ணைப் புனைகதைகள் இவ்வினாவையே மையமாகக் கொண்டவை. அவற்றோடு தமிழ்த் தோட்டப் புனைகதைகளை ஒப்புநோக்கி, மலாக்காத் தோட்டங்களின் வாழ்வமைப்பைப் பின்புலமாகக் கொண்டு, நம் கதைகளின் நிறைவையும் குறையையும் காண இக்கட்டுரை முற்படுகின்றது.

தொலைவு தரும் தனிமை

கனடிய எழுத்தாளர் சின்கிளேர் ராஸ் 1939இல் எழுதிய 'தி பெயின்டட் டோர்' என்னும் சிறுகதையில் ஜான் நல்லவன், உழைப்பாளி. அடமானக் கடனைத் தீர்க்கவே ஓயாது பாடுபடுகிறான். அவ்வுழைப்பே அவனை மனைவி ஆனிடமிருந்து விலக்கிவிடுகின்றது. பனிப்புயல் வீசும் இரவில் கணவன் இல்லாத வீட்டில், அண்டைப் பண்ணையிலிருந்து வந்த ஸ்டீவனிடம் அவள் மனம் தளர்கிறாள். நார்வேஜிய மொழியில் ஓ.இ. ரோல்வாக் எழுதி 1924-25இல் வெளிவந்த 'ஜயண்ட்ஸ் இன் தி எர்த்' நாவலின் பெரெட், டகோட்டாச் சமவெளியின் வெறுமையைத் தாங்காது மனம் பேதலிக்கிறாள். கணவன் பெர் ஹான்சாவோ அதே நிலத்தில் களிப்போடு உழைக்கிறான். இவ்விரு படைப்புகளிலும் இல்லறம் சிதைவதற்குக் கொடியவன் ஒருவன் தேவைப்படவில்லை. ஒரே நிலத்தை இருவர் இருவேறு விதமாக உணர்வதே போதுமானதாகின்றது.

நெருக்கம் தரும் தனிமை

மலாக்காவின் நிலை வேறு. டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் இரப்பரைப் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெரும்பரப்பில் விரிவுபடுத்தினார். இவ்வாறு தொடங்கிய தோட்டத்தொழில் தமிழ்த் தொழிலாளரை வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட லயங்களில் குடியேற்றியது. புல்வெளியில் அண்டை வீடு பல கல் தொலைவில் உள்ளது. லயத்தில் அது ஒரு சுவருக்கு அப்பால் உள்ளது. விடியுமுன் பெரட்டு, பின்னர் கணவனும் மனைவியும் அவரவர் நிரைக்குச் செல்வர், குழந்தை ஆயாக்கொட்டகையில் இருக்கும். மாலையில் வீடு திரும்பியபின் அவர்கள் பேசும் சொல் அண்டை வீட்டாருக்கும் கேட்கும். பேச ஆளில்லாமை ஒரு வகைத் தனிமை. பேசினால் எல்லாரும் கேட்பர் என்பதால் பேசாதிருப்பது மற்றொரு வகைத் தனிமை.

இதனோடு இரண்டு செய்திகளைச் சேர்த்து நோக்க வேண்டும். முதலாவது, மலாயா இந்தியரிடையே 1931இல் 1000 ஆண்களுக்கு 500க்கும் குறைவான பெண்களே இருந்தனர். ஆகவே மணமான பெண்ணும் பிறர் பார்வையின் கீழேயே வாழ நேர்ந்தது. இரண்டாவது, வீடு தோட்ட நிருவாகத்திற்கு உரியது. வேலை போனால் வீடும் போகும். கணவனை விட்டுப் பிரிய எண்ணும் பெண்ணுக்குப் போக்கிடம் இல்லை.

மூன்றாமவரின் இடம்

தமிழ்த் தோட்டப் புனைகதைகளில் கணவன் மனைவிக்கிடையே வரும் மூன்றாமவர் யார் எனக் காண்பது பயனுடையது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்தது. கணவன் வெள்ளையனைப் பிரிந்து இலங்கைத் தேயிலைத் தோட்டம் செல்லும் மருதி, அங்கு அதிகாரமுடையோரின் இச்சைக்கு இரையாகிறாள். பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியான நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்கு வந்தது. ஆனைமலைத் தோட்டத்திற்குச் செல்லும் கருப்பன், வள்ளி தம்பதியரின் வாழ்வை முன்பணக் கடனும் நோயும் மேலிடத்து அத்துமீறலும் அலைக்கழிக்கின்றன. ராஸின் கதையில் மூன்றாமவன் அண்டை வீட்டான். நம் கதைகளில் மூன்றாமவர் துரை, கிராணி, கங்காணி ஆகியோரே.

இச்சித்திரிப்பு வரலாற்றோடு பொருந்துவது. அதன் அறச்சீற்றம் மதிக்கத்தக்கது. எனினும் அதற்கொரு விலையும் உண்டு. தீமை முழுவதும் வெளியிலிருந்தே வருவதால் கணவன் சக பாதிக்கப்பட்டவனாகிவிடுகிறான். மனைவி அடையாளச் சின்னமாகிவிடுகிறாள். தன் கணவன் நல்லவனாக இருந்தும் தான் தனித்திருப்பதாக உணரும் ஆன் போன்ற பெண்ணுக்கு அங்கு இடமில்லை.

குடிகாரக் கணவன் என்னும் வார்ப்பும் இத்தகையதே. 1947இல் கெடா தோட்டப்புறங்களில் கள்ளுக்கடைகளுக்கு எதிராக நடந்த மறியலில் பெண்களும் பங்கேற்றனர். கள்ளை விற்ற அமைப்பையும் அதைக் குடித்த கணவனையும் அவர்கள் ஒருசேர எதிர்த்தனர் எனக் கொள்ளலாம். புனைகதையோ பெரும்பாலும் அவர்களை அழும் மனைவியராகவே காட்டியது. கெடா லூனாஸில் 1981இல் நேர்ந்த நச்சுச் சாராயச் சாவுகளைப் பின்புலமாகக் கொண்ட ம. நவீனின் 'பேய்ச்சி' (2019) இவ்வார்ப்பை உடைக்க முயன்றது. அதன் ஓலம்மா சினமும் செயலும் உடையவள். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அந்நாவலைத் தடைசெய்தது. அதனால் எழுந்த விவாதம் பெரிதும் மொழியின் ஆபாசத்தைச் சுற்றியே அமைந்தது. தோட்டத்துப் பெண்ணின் அகவாழ்வு பற்றிய விவாதமாக அது வளரவில்லை.

முடிவுரை

1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர் தம் கோரிக்கைகளை முன்வைத்துக் கோலாலம்பூர்வரை நடைப்பயணம் சென்றனர். தொழிற்சங்க வரலாறு அதனைப் பதிந்துள்ளது. அந்நாள்களில் லயத்து அடுப்படிகளில் நிலவிய அச்சம், பெருமை, மனத்தாங்கல் ஆகியவற்றைப் பதிய வேண்டியது புனைகதையின் கடமையாகும். முஸ்லிம் அல்லாதாரின் திருமணம், மணவிலக்கு பற்றிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபின், பதிவும் பிரிவும் தோட்டப் பெண்களுக்கு என்ன பொருள் தந்தன என்பதும் எழுதப்பட வேண்டிய களமே.

இரப்பர் செம்பனையாக மாறியது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகரங்களின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். லயத்தில் இல்லறம் நடத்தியவர்கள் இன்று முதுமையில் உள்ளனர். இக்கதைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், யார் யாரைச் சுரண்டினர் என்னும் வினாவோடு, இவ்விருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் விட்டது யாது என்னும் வினாவையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். பாட்டி தாத்தாவிடம் அவ்வினாவைக் கேட்டறியும் வாய்ப்பு இன்றைய மாணவர்க்கே இறுதியாகக் கிட்டக்கூடும்.