சமக்குறி செய்யும் குழப்பம்

‘அ = அ + 1’ என்று கணக்குத் தாளில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார்; கணிப்பொறி நிரலில் எழுதினால் சரி என்பார். புதிதாக நிரல் கற்கும் மாணவர் திகைப்பதில் வியப்பென்ன, வாசகர்களே?

நிரலில் இக்குறி சமத்தைக் கூறவில்லை. வலப்புறத்தைக் கணக்கிட்டு, விடையை இடப்புறப் பெயருள்ள நினைவறையில் இடுமாறு கட்டளையிடுகிறது. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி இப்படிக் கையாண்டது. 1970-களில் சி மொழியும் பின்பற்றியது. அல்கால் 60, பாஸ்கல் ஆகிய மொழிகளோ ‘:=’ என்று தனிக்குறியே வைத்தன. தெளிவான வழி இருந்தும் குழப்பமான வழியே பரவிவிட்டது.

விளைவைப் பாருங்கள். அ-வில் 5, ஆ-வில் 7 உள்ளன. இவற்றை இடம் மாற்ற, மாணவர் ‘அ = ஆ’, அடுத்து ‘ஆ = அ’ என்று எழுதுகிறார். முதல் வரியிலேயே 5 அழிந்துவிடுகிறது. இரண்டிலும் 7 தான் எஞ்சும். இரு டம்ளர்களிலுள்ள பாலையும் காப்பியையும் மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டுமல்லவா? நிரலுக்கும் மூன்றாவது அறை வேண்டும்.

இத்தகைய பிழையைக் கண்டு, ‘இவனுக்குத் தர்க்க அறிவு போதாது’ என்பது நியாயமன்று. பள்ளியில் பத்தாண்டுகள் பழகிய பொருளையே அவன் நம்பினான். குறியின் புதுப்பொருளை ஒரே வரியில் சொல்லி நகரும் பாடநூலே குறையுடையது.

நீங்கள் நிரலை வாசிக்கும்போது ‘சமம்’ என்னாதீர்கள். ‘இடுக’ என்று வாசியுங்கள். தாளில் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு வரிக்கும் மதிப்பை அடித்து எழுதிப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.