ஓவியம் தாங்கிய கிற்றார்

ஆங்கில இசைஞர் எரிக் கிளப்ரன் 1967இல் வாசித்த கிப்சன் எஸ்.ஜீ. மின்கிற்றாருக்கு வண்ணந் தீட்டியோர் ஒல்லாந்த ஓவியராய சைமன் போஸ்துமா, மரைக்கே கோகர் என்போர். சிறகுடைய உருவொன்றும் விண்மீன்களும் தீக்கொழுந்துகளும் அதன்கண் விளங்குகின்றன. உட்குடைந்த மரக்கிற்றாராயின் தடித்த பூச்சு ஒலியை மழுக்குதல் கூடும். திண்ணிய மரத்தாலான இதிலோ, தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருளே மின்னாக மாற்றுதலின், ஓவியர்க்கு அவ்வச்சம் பெரிதன்று. உடற்பகுதியில் அவர் அவ்வுரிமையை நன்கு பயன்கொண்டனர். கருவியின் இரு கொம்புகளும் ஓவியத்துள் அடங்கி, அதன் வரம்பாகவே தோன்றுகின்றன. ஆயின் கழுத்தின் பின்புறத்தையும் அவர் விட்டாரல்லர். வாசிப்போன் பெருவிரல் ஓயாது உராயும் இடம் அது. காண்போர் கண்ணுக்கோ புலனாகாதது. அங்கே வண்ணம் உதிர்ந்தது. பின்னர் அக்கருவியைப் பெற்ற டொட் றண்ட்கிரன் அதனைச் செப்பனிடுவிக்க வேண்டியதாயிற்று.