சோலைவரி கட்டுகிறோம், சோலை எங்கே?

வீட்டுக்கும் வளவுக்கும் உள்ளூராட்சி மன்றம் அறவிடும் ஆதனவரியை யாழ்ப்பாணத்து மூத்தவர்கள் இன்றைக்கும் சோலைவரி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை மொழியறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பற்றுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொக்குவிலிலோ கோண்டாவிலிலோ திருநெல்வேலியிலோ ஒரு பொதுச் சோலையைத் தேடிப் போகிறவருக்கு அந்தப் பெயர் கொஞ்சம் குத்தும். சிறுவர் பூங்கா என்ற பெயர்ப்பலகை கண்ணில் படலாம். இருந்து இளைப்பாற நிழல் கிடைப்பது அரிது.

நகரத்தின் நிலைமை வேறு. கோட்டை, அதன் முன்னே முற்றவெளி, துரையப்பா விளையாட்டரங்கு, பொது நூலகம், சுப்பிரமணியம் பூங்கா, புல்லுக்குளம், அருகே திருவள்ளுவர் கலாசார மையம், கொஞ்சம் தள்ளிப் பண்ணைக் கடலோரம். இத்தனையையும் ஒரு மாலை நடையில் பார்த்து முடித்துவிடலாம். 2012 குடிசனக் கணக்கின்படி மாநகர எல்லைக்குள் இருந்தவர்கள் ஏறத்தாழ 88 ஆயிரம் பேர். மாவட்டம் முழுவதிலும் 5 இலட்சத்து 83 ஆயிரத்துக்கு மேல். அதாவது ஆறில் ஐந்து பங்கினர் மற்றைய 16 மன்றங்களின் எல்லைக்குள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் படிப்புக்கும் வேலைக்கும் நாள்தோறும் நகரத்துக்கு வந்து போகிறவர்கள். விளையாடவும் காற்று வாங்கவும்கூட அவர்கள் பஸ் ஏறித்தான் வரவேண்டுமா என்பதை நாங்கள் ஒரு கேள்வியாகக்கூட எடுத்ததில்லை.

எங்கள் ஊரில் பூங்காவோ அரங்கோ உருவாகும் வழக்கமான முறை ஒன்று உண்டு. கொடையாளி ஒருவர் வருவார், அல்லது வெளிநாடு ஒன்று வரும். அடிக்கல், திறப்பு விழா, பெயர் பொறித்த கல். பிறகு சாவி உள்ளூராட்சி மன்றத்தின் கைக்கு வரும். இந்த முறையை ஏளனம் செய்வது எளிது. ஆனால் அது இல்லாவிட்டால் போருக்குப் பின் இங்கே பலவும் எழுந்திருக்காது. துரையப்பா அரங்கையே எடுத்துக்கொள்வோம். 1997 முதல் பயன்பாடில்லாமல் கிடந்த இடம் அது. 1999இல் அங்கே மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அந்த மைதானத்தில் மறுபடி பந்து உருளும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்? இந்திய அரசு 145 மில்லியன் ரூபாவுக்கு மேல் செலவிட்டுப் புதுப்பிக்க, 2016 ஜூன் மாதம் அரங்கு திறக்கப்பட்டது. உள்ளூர் வரிப்பணத்தில் அது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆரியகுளமும் அப்படித்தான். குப்பையும் கழிவுநீரும் நிறைந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடமாக இருந்த குளம். மணிவண்ணன் மாநகர முதல்வராக இருந்த காலத்தில், தியாகி அறக்கொடை நிறுவனத்தின் பணத்தில் தூர்வாரப்பட்டு, நடைபாதையோடு 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. ‘மகிழ்வூட்டும் திடல்’ என்று பெயரும் சூட்டினார்கள். பெயர் அரச சுற்றறிக்கை போல ஒலித்தாலும் காரியம் நல்ல காரியம். வற்றாத ஆறு இல்லாத குடாநாடு இது. மழைநீர் குளத்தில் தேங்கிச் சுண்ணக்கல்லின் வழியே இறங்கினால்தான் கிணற்றில் நல்ல தண்ணீர். ஆகவே இங்கே குளத்தைப் பூங்கா ஆக்குவது ஒரே செலவில் இரண்டு வேலை. அந்த வகையில் ஆரியகுளத்தை நான் மற்ற எல்லாக் கட்டுமானங்களுக்கும் மேலே வைப்பேன். ஒரு எச்சரிக்கையோடு: குளத்தின் நாலு பக்கமும் கல்லும் சீமெந்தும் ஏறிவிட்டால் கண்ணுக்கு அழகு கூடும்; ஆனால் சுற்றியுள்ள வெள்ளம் வந்து சேரும் வாய்க்கால்களை மறந்துவிட்டால் அது வெறும் தொட்டியாகிவிடும்.

கொடைமுறையின் பலவீனம் திறப்பு விழாவுக்கு மறுநாள் தொடங்குகிறது. கலாசார மையத்தின் கதை இதற்குப் பெரிய சான்று. இந்தியாவின் 11 மில்லியன் டொலர் கொடை. 600க்கு மேற்பட்டோர் இருக்கக்கூடிய அரங்கு, அருங்காட்சியகம், மாடி மேல் மாடியாக ஒரு கோபுரம். 2020இல் கட்டி முடிந்தது. 2022 மார்ச்சில் காணொளி வழியாக ஒரு திறப்பு. 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்க இன்னொரு விழா. பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் இடையில் வந்தன என்பது உண்மை. ஆனாலும் இத்தனை பெரிய கட்டடத்தை யார் நடத்துவது, மின்கட்டணத்தையும் ஆட்சம்பளத்தையும் யார் கட்டுவது என்ற கேள்வி அடிக்கல் நாட்டிய அன்றே தீர்ந்திருக்க வேண்டியது. கட்டி முடித்த பிறகும் அது பேச்சில் இருந்தது. மகளுக்குச் சீதனமாக யானையைக் கொடுத்தால், தென்னோலை யார் வெட்டுவது என்று வீட்டில் சண்டை வராதா?

சிறிய அளவிலும் இதே கதைதான். என் வீட்டுக்கு அருகே சிறுவர் பூங்கா ஒன்று இருக்கிறது. திறந்த ஆண்டில் இரண்டு ஊஞ்சல்கள். அடுத்த ஆண்டு ஒன்றின் சங்கிலி அறுந்தது. நாலு மாதமாக அது தொங்கியபடி கிடந்ததைக் கண்டு எங்கள் மன்றத்துக்குப் போய்க் கேட்டேன். ஊஞ்சல் திட்டப் பணத்தில் வந்தது, திட்டம் முடிந்துவிட்டது என்றார்கள். பொய் சொல்லவில்லை. ஊஞ்சல் வாங்கப் பணம் வரும் கணக்கு ஒன்று. சங்கிலி வாங்கப் பணம் வரவேண்டிய கணக்கு வேறு, அதில் எதுவுமே இல்லை. அங்கே இருந்த மலசலகூடத்துக்குப் போட்ட பூட்டும் அப்படியே கிடந்தது. அந்தப் பூட்டைத் தொங்கவிட்டாலே போதும், பெண்களும் வயதானவர்களும் தாமாகவே அந்தப் பூங்காவை விட்டு விலகிவிடுவார்கள்.

மன்றங்களையே முழுக்கக் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த மன்றங்களுக்குப் பணமில்லை என்று தேர்தலைத் தள்ளிப்போட்டார்கள். 2025 மே மாதம்தான் வாக்களித்தோம். இரண்டு ஆண்டுக்கு மேல் ஆணையாளரும் செயலாளரும் மட்டுமே. அறுந்த சங்கிலிக்காக எந்த உறுப்பினரின் வாசலில் போய் நிற்பது? அதற்கு முன்பு, 2021 ஏப்ரலில், நகரத்தில் குப்பை போடுவோருக்குத் தண்டம் விதிக்கவென்று மாநகர சபை ஐந்து பேர் கொண்ட அணியை அமைத்தது. அவர்களது நீலச் சீருடை புலிகளின் காவல்துறையினர் அணிந்ததை ஒத்திருக்கிறது என்று முதல்வரைப் பயங்கரவாத விசாரணைப் பிரிவு கைது செய்தது. மாநகர ஊழியரின் சட்டை நிறம்கூடத் தேசியப் பாதுகாப்பு விவகாரமாகும் நாட்டில் பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மறக்கக்கூடாது. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவமே தல்செவன என்ற விடுதியை நடத்துகிறது. அங்கே பராமரிப்புக்குக் குறைவில்லை.

இனி, புறநகருக்குப் பூங்கா வராததன் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். அது பணமல்ல, நிலம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் நல்ல ஏற்பாடு ஒன்று கொண்டுவரப்பட்டது. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடும்போது, தெருக்கள் நீங்கலாக, பத்து வீதத்துக்குக் குறையாத நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்க வேண்டும். கொழும்பைச் சுற்றி இறப்பர், தென்னந் தோட்டங்களை வெட்டிக் காணி விற்கிற இடங்களுக்கு இது பொருந்தும். யாழ்ப்பாணத்துக்கு? ஒரு ஹெக்டேயர் என்றால் எங்கள் கணக்கில் கிட்டத்தட்ட நாற்பது பரப்பு. நாற்பது பரப்பு ஒரே உறுதியில் கொக்குவிலில் யாரிடம் இருக்கிறது? தேசவழமையும் சீதனமும் தலைமுறை தலைமுறையாகக் காணியைக் கூறுபோட்டு வந்த ஊர் இது. அக்காவுக்கு நாலு பரப்பு, தங்கைக்கு மூன்று, நடுவே ஒரு ஒழுங்கை. இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகளின் பங்குகளும் இரண்டு இரண்டு பரப்பாக விலைக்குப் போகின்றன. ஒவ்வொரு துண்டாடலும் விதியின் எல்லைக்குக் கீழேயே நடக்கிறது. ஒருவரும் சட்டத்தை மீறவில்லை. ஊர் மட்டும் முழுக்க வீடும் மதிலுமாகிவிட்டது. முன்னெல்லாம் பூங்கா இல்லாத குறை தெரியாமல் இருந்ததற்குக் காரணமே வளவுகள்தான். மாமரத்தடியில் கிளித்தட்டு விளையாடிய வளவில் இன்று மூன்று குடும்பங்கள் இருக்கின்றன.

அப்படியானால் எங்கள் பிள்ளைகள் எங்கேதான் விளையாடுகிறார்கள்? ரியூசன் முடிந்து நேரமிருந்தால், சனசமூக நிலையத்துக்குப் பக்கத்துக் காணியில். குடாநாட்டின் உயிருள்ள பொழுதுபோக்கு அமைப்பு இதுதான். வாசிகசாலை ஒன்று, அதில் நாலு பத்திரிகை, பக்கத்தில் கரப்பந்தாட்ட வலை, ஒரு விளையாட்டுக் கழகம். கழகத்தின் பெயரில் கனடாவிலும் இலண்டனிலும் பழைய வீரர்கள் காசு சேர்த்து அனுப்புவார்கள். வலை கிழிந்தால் அன்றைக்கே தைப்பார்கள். மழை வந்து மைதானம் சேறானால் யாருடைய உழவு இயந்திரமாவது வந்து மண் பரவும். என் பூங்காச் சங்கிலிக்கு நாலு மாதம், இங்கே ஒரு பின்னேரம். பயன்படுத்துகிறவனே பராமரிக்கிறான் என்பதால் வந்த வேகம் அது. எந்தத் திட்டமிடல் நிபுணரும் இதைவிட நல்ல முறையை எங்களுக்குக் கொண்டுவந்து தரவில்லை.

இருந்தும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட என்னால் முடியாது. மாலை ஐந்து மணிக்கு அந்த மைதானங்களைப் போய்ப் பாருங்கள். பெடியன்கள் விளையாடுவார்கள், அண்ணன்மார் மதிலில் இருந்து பார்ப்பார்கள். பெட்டைகள் எங்கே? பாட்டிக்கு உட்கார இடம் எங்கே? சக்கர நாற்காலியில் வருகிறவர், போரில் கால் இழந்தவர் இந்த ஊரில் எத்தனை பேர், அவர்களுக்கு வழி எங்கே? இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கழகம் என்பது பல ஊர்களில் ஒரு குறிச்சியின் கழகம். குறிச்சி என்பது பெரும்பாலும் ஒரு சாதியின் குறிச்சி. கோயில் வீதியும் இதே வகை. பொது வெளி என்று பேச்சில் சொல்வோம்; 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் சாதியின் பேரால் யார் மறிக்கப்பட்டார்கள் என்பதை மறந்துவிட்டுத்தான் அப்படிச் சொல்லமுடியும். மன்றத்தின் பூங்கா எவ்வளவு பாழாய்க் கிடந்தாலும் அதன் வாசலில் நின்று நீ யார் என்று எவரும் கேட்க முடியாது. அதனால்தான் கழகங்கள் இருக்கின்றனவே, பூங்கா எதற்கு என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

நகரத்தில் இருக்கும் பழைய பூங்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. 1829 முதல் 1867இல் இறக்கும்வரை, இடையில் சிறிது காலம் நீங்கலாக, வடக்கின் அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் அக்லன்ட் டைக் உண்டாக்கிய தோப்பு அது. தன் சொந்தக் காணியை அரசுக்கு விட்டுப்போனார். குறுநில மன்னர் போல ஆண்டவர் என்று அவர் மேல் குறை சொல்வோரும் உண்டு; மரம் நட்டதில் குறை சொல்ல முடியாது. இன்று அந்த எல்லைக்குள் ஆளுநர் செயலகம், போரில் சிதைந்த பழைய கச்சேரி, கூடைப்பந்தாட்டத் திடல், சிறுவர் பூங்கா என்று ஒவ்வொன்றாக இடம் பிடித்துவிட்டன. கடைசியாக உள்ளக விளையாட்டரங்கு ஒன்றை அங்கே கட்டும் முயற்சி வந்தபோது எதிர்ப்பும் கிளம்பியது. உள்ளக அரங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாவட்டத்து வீரர்களுக்கு அது கட்டாயம் தேவை. ஆனால் மரம் நிற்கிற இடத்தை வெறுங்காணி என்று கணக்கெழுதும் பழக்கம் ஆபத்தானது. நகரத்தில் ஏற்கனவே நிழலாக இருக்கிற ஒரே பெருந்தோப்பில் இன்னொரு கூரை போடுவதைவிட, வலிகாமத்தில் எங்காவது பத்துப் பரப்பு வாங்கி அங்கே கட்டினால் புறநகருக்கும் ஒன்று வந்ததாகும்.

என் தீர்ப்பு இதுதான். கொடை வரட்டும், ஆனால் பத்து ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்து ஒப்பந்தம் எழுதாமல் எந்த மன்றமும் சாவியை வாங்கக்கூடாது. பிரதேச சபைகள் கழகங்களின் மைதானங்களுக்குப் புல்லும் வெளிச்சமும் கழிப்பறையும் கொடுக்கட்டும். பதிலுக்குக் கிழமையில் இரண்டு பின்னேரம் பெண்பிள்ளைகளுக்கு என்று எழுத்தில் வாங்கட்டும். ஒரு ஹெக்டேயர் என்ற எல்லையைக் குடாநாட்டுக்கு ஏற்பக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் துண்டாடும் ஒவ்வொருவரிடமும் நிலத்துக்குப் பதிலாகச் சிறு தொகை பெற்று, வட்டாரத்துக்கு ஒரு குளக்கரையையாவது வாங்கிப்போட வேண்டும்.

அடுத்த முறை சோலைவரி கட்டப் போகும்போது, உங்கள் வட்டார உறுப்பினரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: நம் வட்டாரத்தில் சபைக்குச் சொந்தமான திறந்த நிலம் எத்தனை பரப்பு? அதைப் பராமரிக்க இந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் எத்தனை ரூபா?